சந்தேகம் இருந்தால் 'வேண்டாம்'

எங்கள் அடுக்ககத்து லிஃப்டை இயக்கும் எலெக்ட்ரானிக் பலகை, அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனியில் செய்தது. இந்த விஷயம் திருமுல்லைவாயிலில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். அதனால் லிஃப்ட் நின்றால் என் வீட்டு மணிதான் முதலில் அடிக்கும். மோட்டார் ஓடாவிட்டாலும், மாடியில் தண்ணீர் தேங்கினாலும் அதே மணிதான். "நீங்கதான எஞ்சினியரு" என்பார்கள். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. சள்ளென்று விழுந்துவிட்டு, பிறகு போய்ப் பார்த்துவிட்டும் வருவேன்.

அன்று சாயங்காலம் மணி அடிக்கவில்லை. கீழேயிருந்து ஒரு சத்தம் மட்டும் கேட்டது. நான் படியிறங்கிப் போனபோது எதிர்வீட்டு டீச்சர் சக்கர நாற்காலியில் பாதி லிஃப்டுக்குள்ளும் பாதி வெளியிலுமாக உட்கார்ந்திருந்தார். கதவு அவர் வலது கால் விரல்களில் இடித்துவிட்டுத் திரும்பத் திறந்திருந்தது. வலியில் அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "உங்க கம்பெனி கதவு என்னை உள்ள விடமாட்டேங்குது, எஞ்சினியரம்மா" என்று அப்போதும் கிண்டல்தான் பண்ணினார்.

டீச்சர் ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு நடந்ததில்லை. தனியாக இருக்கிறார். மூன்றாவது மாடியில் அந்த வீட்டை வாங்கியதே லிஃப்டை நம்பித்தான். கதவில் ஆள் நிற்கிறாரா என்று பார்க்க ஒரே ஒரு ஒளிக்கதிர்தான் உண்டு, அதுவும் இடுப்பு உயரத்தில். நாற்காலி உள்ளே நுழையும்போது முதலில் போவது கால் வைக்கும் பலகை. அது கதிருக்குக் கீழேயே போய்விடும். ஆகையால் கதவு எத்தனை நேரம் திறந்திருக்கிறதோ அந்த நேரத்தை மட்டும்தான் அவர் நம்பமுடியும். குடிவந்த நாளிலிருந்து அது அவருக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளாகத்தான் அது என்னவோபோல் நடந்துகொள்கிறது என்றார்.

மறுநாளே வேப்பம்பட்டிலிருந்து அவருடைய அண்ணன் வந்து இறங்கினார். விவசாயக் குடும்பம், இப்போது நிலத்தில் பாதியில் வீட்டுமனை, மீதியில் கத்திரிக்காய். நல்ல மனுஷன். தங்கையின் வீங்கிய விரலைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

"ஒண்ணும் பேசாத பாப்பா. கீழ்ரூம காலி பண்ணி வெச்சிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வேன் எடுத்தாரேன். இந்த ஊட்ட வாடகைக்கி உட்டுடலாம்."

"அங்கேருந்து ஆவடிக்கு எப்படிண்ணா வருவேன்? ரயில்ல யாரு ஏத்துவா?"

"வேலைய உடு. ஒனக்கு இன்னா கொறச்சல்? நாங்க இல்ல?"

பேச்சோடு பேச்சாக அவர் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்து, முதல் தவணையாக இட்லி மாவு அரைக்கும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணி வீட்டுக் கிரைண்டர் ரிப்பேராம். டீச்சர் வாசலில் உட்கார்ந்து அது லிஃப்டில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் போன பிறகு என்னிடம் சொன்னார்: "அவரு பாசத்துலதான் செய்யறாரு. ஆனா அந்த கீழ்ரூமுக்குப் போயிட்டா நான் திரும்பி வரமாட்டேன். எனக்குத் தெரியும்."

அவர் அழவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. ஒரு கதவு இத்தனை நாள் ஒழுங்காக இருந்துவிட்டுத் திடீரென்று ஏன் அவசரப்படவேண்டும்? பல்சக்கரம் தேயும், பெல்ட் தளரும், அதெல்லாம் சரி. கதவு எத்தனை நேரம் திறந்திருக்கும் என்பது வெறும் ஒரு எண். எண் தேயாது.

"எப்பப்ப சீக்கிரம் மூடுது?" என்று கேட்டேன்.

"காலையில ஒழுங்கா இருக்கு. சாயங்காலம்தான் வம்பு பண்ணுது."

கணக்கு டீச்சர் அதோடு விடுவாரா? அளந்து பார்த்துவிடலாம் என்றார். எங்கள் தெருவில் அப்போது பூமிக்கடியில் கேபிள் போடும் வேலை. தினமும் மத்தியானம் கரண்ட் போய்விடும். லிஃப்டுக்கென்று ஒரு பேட்டரி இருக்கிறது. நடுவழியில் நிற்காமல் ஆளை இறக்கிவிடுவதற்கு. இறக்கிவிடத்தான் என்று எத்தனை முறை நோட்டீஸ் ஒட்டினாலும் எங்கள் ஜனங்கள் அதில் ஜாலியாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். எனவே சாயங்காலம் பேட்டரி வற்றிக் கிடக்கும், ராத்திரியெல்லாம் ஏறி, காலையில் நிரம்பியிருக்கும். அதன் அளவு லிஃப்டுக்குள் பட்டனுக்கு மேலே சின்னதாகத் தெரியும். பேட்டரிக்கும் கதவுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது, அது எனக்கு நிச்சயம். இருந்தாலும் டீச்சர் சொன்னார் என்பதற்காக அதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டோம்.

ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் நான் கீழே நின்று பட்டனை அழுத்தி, செல்போனில் நேரம் பார்த்தேன். எங்கள் செக்யூரிட்டிக்கு வேடிக்கை தாங்கவில்லை. "இன்னாம்மா, லிஃப்ட்டுக்கு நாடி பாத்துகினு கீறீங்க?" என்று கேட்டார். "ஆமா, ஜுரம் அடிக்குது" என்றேன்.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் டியூஷன் பிள்ளைகளுக்காக ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறார். அதில் செங்குத்துக்கோடு ஒன்று, படுக்கைக்கோடு ஒன்று போட்டு, பேட்டரி இவ்வளவு இருந்தபோது கதவு இவ்வளவு நேரம் என்று நான் சொல்லச் சொல்லப் புள்ளி வைத்தார். முதலில் நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை, அவர் வீட்டுக் காப்பியில்தான் கவனம். ஸ்கேலை எடுத்துப் புள்ளிகள்மேல் வைத்து அவர் ஒரு கோடு இழுத்தபோது டம்ளரை வைத்துவிட்டேன்.

புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நின்றன. பேட்டரி முழுதாக நூறு இருந்தால் கதவு பத்து விநாடி. பாதி இருந்தால் ஐந்து. பதினைந்தாக வற்றினால் ஒன்றரை விநாடி, அதற்குள் ஒரு காலை எடுத்து வைக்கவே நேரம் போதாது. எப்போதும் சரியாகப் பத்தில் ஒன்று.

"இது கோளாறு மாதிரி இல்லையே. யாரோ சொல்லிக்குடுத்த மாதிரி இருக்கு" என்றார் டீச்சர்.

எனக்கு அந்தப் பத்தில் ஒன்று எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. எங்கள் புரோகிராமில் கதவின் நேரத்தை விநாடியில் வைப்பதில்லை, விநாடியில் பத்தில் ஒரு பங்காக வைப்போம். நாற்பது என்றால் நான்கு விநாடி. அப்படியென்றால் கதவு தன் நேரத்தைப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பேட்டரியின் அளவைப் படித்துக்கொண்டிருக்கிறது. ஏன் படிக்கிறது என்பதுதான் தெரியவில்லை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் அது கவலையினால் இல்லை. ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு நல்ல புதிர் கிடைத்திருந்தது.

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். கணினிக்கு அடியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் மேய்க்கும் புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். கதவுக்கு, மோட்டாருக்கு, பேட்டரிக்கு என்று தனித்தனியாக டிரைவர்கள் என்ற குட்டிப் புரோகிராம்கள் அதோடு வந்து சேரும். லிஃப்டின் விவரங்கள் நினைவகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும்: இப்போது எந்த மாடி, ஏறுகிறதா இறங்குகிறதா, கதவு எவ்வளவு நேரம். எது எத்தனையாவது இடத்தில் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் கோப்புதான் ஹெடர் ஃபைல். போதாக்குறைக்குப் பில்ட் ஆப்ஷன்கள் வேறு, அதாவது புரோகிராமைக் கட்டும்போது எதைச் சேர்ப்பது என்ற கேள்விகள். பேட்டரி உள்ள லிஃப்டா, ஆம் அல்லது வேண்டாம். இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கும். 'ஆம்' என்று வைத்தால் ஹெடரில் சில இடங்கள் கூடும், 'வேண்டாம்' என்றால் குறையும். எல்லா டிரைவர்களும் ஒரே ஹெடரை, ஒரே ஆப்ஷனை வைத்துக் கட்டப்படவேண்டும். அஞ்சறைப்பெட்டியில் சீரகத்துக்கு முன்னால் யாரோ புதிதாக ஒரு கிண்ணம் வைத்துவிட்டார்கள், சமைப்பவருக்குச் சொல்லவில்லை என்றால் என்ன ஆகும்? கை பழக்கத்தில் மூன்றாவது கிண்ணத்துக்குப் போகும், ரசத்தில் வெந்தயம் விழும்.

மறுநாள் காலையில் ஆபீஸில் முதல் வேலையாகக் கதவு டிரைவரைத் திறந்தேன். மெயின் ஹெடரில் கதவின் நேரத்துக்கு முன்னால் பேட்டரிக்கு ஒரு இடம் இருந்தது. கதவு டிரைவர் பார்த்துக்கொண்டிருந்த ஹெடரில் அந்த இடம் இல்லை. அது வேறு ஹெடர். அதே பெயர், அதே முதல் வரி, ஆனால் டிரைவரின் சொந்த ஃபோல்டரில் உட்கார்ந்திருந்த பழைய காப்பி. கதவு மூன்றாவது இடத்தைப் படித்தது. மூன்றாவது இடத்தில் இப்போது பேட்டரி இருந்தது.

அந்த டிரைவரைப் பார்த்துக்கொள்பவன் எனக்குப் பக்கத்து நாற்காலி. கள்ளிக்குப்பத்துக்காரன், கெட்டிக்காரன், என்னை அக்கா என்பான்.

"ஏம்பா, இந்த ஹெடர் இங்க எப்படி வந்துச்சு?"

"நான்தான்கா காப்பி பண்ணி வெச்சேன். மெயின்ல யார்னா ஒரு வரி மாத்துனா என்து மொத்தமும் முதல்லேருந்து பில்டு ஆவுது. டீ குட்ச்சிட்டு வந்தாகூட ஓடிகினே கீது. நம்ம மிஷினு லட்சணம்தான் தெரியுமே. அல்லாரும் இப்டிதான்கா வெச்சினு கீறாங்க."

"ஹெடர் ஒத்துப்போகலைன்னா கெர்னல் டிரைவரைச் சேத்துக்கக்கூடாதே. அதுக்குன்னு ஒரு ஆப்ஷன் இருக்கே?"

"அதுவா? சும்மா சும்மா கத்திகினே இருந்திச்சு. ஆஃப் பண்ணிட்டோம்."

எனக்கு வந்ததே கோபம். எழுந்து நின்று ஆரம்பித்தும்விட்டேன். பாதியில் எங்கள் அடுக்ககத்துத் தொட்டி அலாரம் ஞாபகத்துக்கு வந்தது. தண்ணீர் நிரம்பினால் கத்துவதற்காக வைத்தது. சத்தம் தாங்காமல் யாரோ அதில் பஞ்சை அடைத்துவிட்டார்கள். ஒவ்வொரு வாரமும் தண்ணீர் வழிந்து தெருவில் ஓடுகிறது, பஞ்சை எடுக்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. இவனை மட்டும் திட்டி என்ன பயன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"எந்தக் கதவுக்கா?" என்று கேட்டான். சொன்னேன். விரல் வீங்கியதைச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை வேன் வரப்போவதையும் சொன்னேன். அவன் நாற்காலியைத் தன் திரைப் பக்கம் திருப்பினான். பிறகு காப்பியை அழிக்க ஆரம்பித்தான். நான் அந்த ஒத்துப்பார்க்கும் ஆப்ஷனைத் திரும்ப 'ஆம்' என்று வைத்தேன். அவ்வளவுதான், திரை முழுக்கச் சிவப்பு. எல்லோரும் தங்கள் ஃபோல்டரில் ஒளித்துவைத்திருந்த ஹெடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. என்னுடையதும் ஒன்று வந்தது. அவன் பார்த்தான், பெரிய மனசு பண்ணி அடுத்ததுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் சர்வீஸ் ஆள் வந்து புதிய புரோகிராமை லிஃப்டில் ஏற்றிவிட்டுப் போனார். சாயங்காலம் நான் கெத்தாக டீச்சர் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்த டீச்சரின் முகம் சரியில்லை.

"சரி பண்ணிட்டீங்க. இனிமே பேட்டரிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. காலையிலயும் நாலு விநாடி, சாயங்காலமும் நாலு விநாடி. முன்னாடி காலையிலயாவது இடிபடாம போயிட்டிருந்தேன்."

எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. கேபிள் வேலைக்கு முன்னால் பேட்டரி எப்போதும் நிரம்பியே இருந்தது. குடிவந்த நாளிலிருந்து அவர் நம்பியிருந்த அந்தப் பத்து விநாடி எங்கள் தப்பினால் கிடைத்தது. தப்பைத் திருத்தினோம், அதுவும் போய்விட்டது. சரியாக வேலை செய்யும் கதவில் அவரால் ஏறவே முடியாது. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

வேறு யாராக இருந்தாலும் என்னை நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். டீச்சர் கரும்பலகையைப் பார்த்தபடி வேறு ஒன்று கேட்டார். "அந்த நாலு யாரு வெச்சது?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்த எண்ணைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், யார் வைத்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. சனிக்கிழமை லீவு. இருந்தாலும் ஆபீஸுக்குப் போய்த் தேடினேன். நாற்பது என்ற எண் ஒரு ஹெடரில் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு நிபந்தனை: ஒரு குறிப்பிட்ட ஆப்ஷன் 'ஆம்' என்று இருந்தால் நாற்பது வேண்டாம், கட்டடத்துக்குத் தகுந்த நேரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். அந்த ஆப்ஷனைத் தேடிப் போனேன். எங்கள் கம்பெனியிலேயே எப்போதோ யாரோ எழுதியது, எழுதியவர் இப்போது இல்லை. ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் கீழே ஒரு சின்ன விளக்கம் எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். இதற்கும் இருந்தது. மெதுவாக ஏறுபவர்களுக்காகக் கதவை அதிக நேரம் திறந்து வைக்கும் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, வழக்கம்போல, கடைசி வரி: சந்தேகம் இருந்தால் 'வேண்டாம்' என்று வைக்கவும்.

இந்தக் கடைசி வரியை நானே எத்தனையோ ஆப்ஷனுக்கு எழுதியிருக்கிறேன். யாரும் யோசித்து எழுதுவதில்லை, கை தானாக எழுதும். தேவையில்லாததையெல்லாம் சேர்த்துக் கெர்னல் குண்டாகிவிடக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட பழக்கம், நல்ல பழக்கம்தான். ஆனால் அன்று அதை இரண்டு தடவை படித்தேன். யாருக்குச் சந்தேகம்? திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு. கதவில் நிற்பவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பத்து விநாடி வேண்டும் என்று டீச்சருக்கு நன்றாகத் தெரியும். வேப்பம்பட்டு அண்ணனும் இந்த வரியைத்தான் வேறு மாதிரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று தோன்றியது.

முதலாளிக்குப் போன் பண்ணினேன். "யாராச்சும் கேட்டாங்களா?" என்றார். "இதோ, நான் கேக்கறேன் சார். அவசரக்காரங்களுக்கு மூடறதுக்குத் தனியா பட்டன் இருக்கு. மெதுவா ஏறறவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றேன். என் குரலைக் கேட்டே அவர் "சரி, வெச்சிடுங்க" என்றார். ஆப்ஷனை 'ஆம்' என்று வைத்து, எங்கள் கட்டடத்துக்கு நூறு, அதாவது பத்து விநாடி என்று போட்டேன். கையோடு அந்தக் கடைசி வரியையும் அழித்துவிட்டு வேறு எழுதினேன்: சந்தேகம் இருந்தால் ஏறுபவரைக் கேட்கவும். கள்ளிக்குப்பத்துக்காரன் லீவு நாளிலும் வந்திருந்தான். எட்டிப் பார்த்து, "இந்த மாரி எளுதலாமாக்கா?" என்றான். "எழுதியாச்சு" என்றேன். அவனே பைக்கில் வந்து லிஃப்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வந்துவிட்டது. அண்ணன் கயிறு, கோணிப்பை சகிதம் மேலே ஏறி வந்தார். டீச்சர் புடவை மாற்றி, தலை வாரித் தயாராக வாசலில் இருந்தார்.

"வாண்ணா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று லிஃப்டைக் கூப்பிட்டார்.

கதவு திறந்தது. அண்ணன் பதறி முன்னால் போய்க் கையை நீட்டினார். "நீ தள்ளி நில்லுண்ணா" என்றார் டீச்சர். நிதானமாக நாற்காலியை நேராக்கினார். முதலில் கால் பலகை, பிறகு சிறிய சக்கரம், பெரிய சக்கரம். உள்ளே போய்த் திரும்பி, புடவை முந்தானையைக்கூடச் சரிசெய்துகொண்டார். கதவு அதுவரை அசையவில்லை. கீழே போனார், மேலே வந்தார், வெளியே வந்தார். அண்ணன் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி கெட்டுப்போச்சின்னா?" என்றார்.

"உன் ஊட்டு வாசப்படி கெட்டுப்போகாமயே என்னால ஏறமுடியாதேண்ணா."

அண்ணன் கயிற்றைக் கையில் சுற்றினார், பிரித்தார். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் தங்கையிடம் திரும்பினார்.

"சரி, நீ இன்னா சொல்ற?"

இத்தனை நாளில் அதை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. டீச்சருக்கும் அது பட்டிருக்கவேண்டும். மடியில் இருந்த கைக்குட்டையை மடித்தார்.

"போய் என் கிரைண்டரக் கொண்டா" என்றார்.

அண்ணன் லிஃப்டுக்குள் போய் நின்றார். பட்டனை அழுத்தாமல் அப்படியே எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணியிடம் என்ன சொல்வது என்று யோசித்திருக்கலாம், வேன்காரனுக்கு என்ன சொல்வது என்று யோசித்திருக்கலாம். கதவு திறந்தே இருந்தது.

"சாய்ந்தரம் எடுத்தாரேன்" என்றார். அதற்கப்புறம்தான் அது மூடியது.